பயிலரங்கா, மொழிபெயர்ப்பா, பக்கத்து நாற்காலியா?

எங்கள் கையில் இருப்பது மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மடிக்கணினி, தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகள் எழுதிப் பழகிய மூன்று பேர். இடம், பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடி. வருகிறவர்களுக்குக் காபி உண்டு, வைஃபை மனசு வைத்தால் உண்டு. இதை வைத்துக்கொண்டு, புதிதாக எழுத வருகிறவர்களுக்குக் கட்டுரைத் தரம் என்றால் என்ன என்று எப்படிப் புரியவைப்பது? இந்த ஒரு கேள்வியில் நாங்கள் மூவரும் மூன்று கட்சி. ஒருவர் பயிலரங்குக் கட்சி, இன்னொருவர் மொழிபெயர்ப்புக் கட்சி. நான் எந்தக் கட்சி என்பது படித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும், ஒளிக்கப் போவதில்லை.

தரம் என்றதும் ஏதோ பெரிய சமாசாரம் போலத் தோன்றும். புதியவரின் கட்டுரை நீக்கப்படுவதற்குத் திரும்பத் திரும்ப வருவது நாலே காரணம். எழுதியதற்குச் சான்று இல்லை. தொனி விளம்பரமாகவோ வசையாகவோ இருக்கிறது. எழுதப்பட்ட ஆளைப் பற்றி அவருக்கு வேண்டியவர்களைத் தவிர வேறு யாரும் எங்கேயும் எழுதியதில்லை. அல்லது எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது. விக்கிப்பீடியர்கள் இவற்றை மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு, குறிப்பிடத்தக்கமை, பதிப்புரிமை என்பார்கள். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் காபி டம்ளருக்குள் பார்க்கத் தொடங்கிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது நம் பள்ளிக்கூடம் தந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள். அல்சூர் ஏரியைப் பற்றி எழுதச் சொன்னால், ‘இத்தகைய சிறப்பு வாய்ந்த ஏரியைப் போற்றிப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும்’ என்று முடிக்காமல் நம்மவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுப்பதில்லை. பத்து மதிப்பெண் வாங்கித் தந்த வாக்கியம் அது, எளிதில் விட்டுப் போகாது. கலைக்களஞ்சியத்தில் முடிவுரை என்ற பகுதியே கிடையாது. சொல்ல வேண்டியது தீர்ந்ததும் கட்டுரை நின்றுவிடும். அப்புறம் அந்த ‘நம்’. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன், அபுதாபியில் இருந்துகொண்டு எழுதியவர். ‘நம் நாட்டின் பிரதமர்’ என்று நீங்கள் எழுதினால் அவர் யாரை நினைத்துக்கொள்வார்? கோலாலம்பூரில் படிக்கிற பிள்ளை யாரை நினைத்துக்கொள்ளும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், ‘நமது’, ‘சமீபத்தில்’, ‘மாண்புமிகு’ எல்லாம் தானாகவே உதிரத் தொடங்கும்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. பெங்களூரில் எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஒரு வகை. எழுத்துத் தமிழ் சரளம், தட்டச்சும் வரும், நேரம்தான் இல்லை. இன்னொரு வகை இங்கேயே பிறந்தவர்கள். மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். பேச்சில் வெளுத்து வாங்குவார்கள், ஒரு பத்தித் தமிழைப் படிக்க மூன்று நிமிடம் ஆகும். ஊரைப் பற்றி எழுதுவதற்கான சரக்கு இந்த இரண்டாம் வகையினரிடம்தான் இருக்கிறது. சென்னையில் வேலை செய்கிற ஒரு முறை இங்கே அப்படியே செல்லுபடியாகாததற்கு இது ஒரு காரணம்.

முதல் வழி, விதிப் பக்கங்களின் இணைப்பை அனுப்பி ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்பது. செலவு பூஜ்யம், பலனும் கிட்டத்தட்ட அதுதான். விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளைச் சொல்லும் ஐந்து தூண்கள் பக்கம் ஒன்று சின்னது, அதை மட்டும் அனுப்பலாம். மற்றவை ஏற்கெனவே எழுதுகிறவர்களுக்குள் வழக்கு வரும்போது பார்ப்பதற்கு எழுதப்பட்டவை. மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்துவிட்டு யாரும் ஸ்கூட்டர் பழகியதில்லை.

இரண்டாவது, பயிலரங்கு. இதற்காக வாதாடும் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் முப்பது பேர். புகைப்படம் எடுக்கலாம், அறிக்கை எழுதலாம், அடுத்த முறை அரங்கு இலவசமாகக் கிடைக்கும். ஒரே அறையில் உட்கார்ந்து எழுதும்போது வரும் உற்சாகத்தை நானும் மறுக்கவில்லை. நானே அப்படி ஒரு பயிலரங்கில் வந்து மாட்டிக்கொண்டவன்தான்.

ஆனால் அந்த ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடத்தினோம். பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது, புரொஜெக்டர் வர பத்தரை. எல்லோரும் கணக்குத் திறங்கள் என்றோம். ஆறு பேருக்குத் திறந்தது, ஏழாவது மாணவிக்குப் பிழைச்செய்தி. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் திறக்க விக்கிப்பீடியா விடாது. திருட்டுக் கணக்குகளைத் தடுக்கும் ஏற்பாடு. கல்லூரி வைஃபை முழுக்க வெளியுலகுக்கு ஒரே முகவரி. முன்கூட்டியே சொல்லி விலக்கு வாங்கியிருக்கலாம், அல்லது நிர்வாகி ஒருவரைக் கணக்குகள் திறந்து தரச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு அது தெரிந்தும் மறந்துபோயிருந்தது. மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள், ஹாட்ஸ்பாட் போடுங்கள் என்று பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்புறம் தட்டச்சு. விக்கிப்பீடியாவுக்குள்ளேயே தமிழ்99-ம் ஒலிபெயர்ப்பும் இருக்கிறது, கண்ட்ரோலையும் எம்-மையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கு மாறும் என்று சொல்லித் தருவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. புளியோதரை நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு மேல்தான் எழுதவே தொடங்கினார்கள். நாலரைக்கு ஆளுக்கொரு கட்டுரை வேண்டும் என்பது பேராசிரியரின் விருப்பம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை வர வேண்டுமானால் வழி ஒன்றுதான்: வேறு எங்காவது இருப்பதை எடுத்து ஒட்டுவது. ஒட்டினார்கள். தங்கள் கல்லூரி முதல்வரைப் பற்றி ஒருவர், தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலைப் பற்றி ஒருவர், ஒரு நாளிதழின் சினிமாப் பக்கத்தை வரி மாறாமல் மூன்று பேர். அடுத்த வாரத்துக்குள் அண்மைய மாற்றங்களைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் பெரும்பாலானவற்றுக்கு நீக்கல் வார்ப்புரு, அதாவது நீக்கப் பரிந்துரைக்கும் அறிவிப்பு, இட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சம்பளமில்லாமல் குப்பை வாருகிறவர்கள். மாணவர்களையும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் தரம் பற்றி அன்று கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: விக்கிப்பீடியாவில் எழுதினால் அழித்துவிடுவார்கள்.

பயிலரங்கின் குறை நேரப் பற்றாக்குறை மட்டும் என்றால் இரண்டு நாள் நடத்திச் சரிசெய்துவிடலாம். புதுக் கட்டுரை எழுதுவதில் தொடங்குகிறது என்பதுதான் என் புகார். புதுக் கட்டுரைதான் விக்கிப்பீடியாவிலேயே கடினமான வேலை. தலைப்பு தகுமா என்று தீர்மானிக்க வேண்டும், சான்று தேட வேண்டும், தொனி பிடிக்க வேண்டும், பகுப்பு, ஓரத்தில் விவரங்களைச் சுருக்கித் தரும் தகவற்பெட்டி எல்லாம் போட வேண்டும். நீச்சல் பழக வந்தவரை அல்சூர் ஏரியின் நடுவில் தள்ளுவது போல. கூட்டத்தில் யார் என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்பதும் தெரியாது. ஒரு முறை ஸ்டார்ட்டப் ஒன்றிலிருந்து வந்த இளைஞர் நாள் முழுக்கக் கவனமாகக் குறிப்பெடுத்தார். மாலையில்தான் புரிந்தது, முதலாளியைப் பற்றிப் பக்கம் போட அனுப்பியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியே இருக்கிறது என்றேன். “அப்படியா சார், மேனேஜர்ட்ட சொல்றேன்” என்று போனவர், போனவர்தான்.

போட்டிகளும், பலர் சேர்ந்து ஒரே மூச்சில் எழுதும் தொடர்தொகுப்புகளும் இதன் பங்காளிகள். பரிசு உண்டு என்பதால் ஆள் வரும், நிற்கவும் நிற்கும். நல்ல எழுத்தாளர்கள் சிலர் போட்டி வழியாகவே வந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு இதில் ஓர் உறவும் உண்டு. 2018-ல் இந்திய மொழிகளுக்காக நடந்த வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் தொம்மலூரில் இயங்கிய இணையம் மற்றும் சமூக மையத்துக்கும் பங்கு இருந்தது, தன்னார்வலர்களுக்கு மடிக்கணினியும் இணைய இணைப்பும் தந்தார்கள். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய உதவி. புதியவருக்குப் போட்டி கற்றுத்தருவது அளவை. இத்தனை சொல், இத்தனை பைட். விக்கிப்பீடியா பயன்படுத்தும் யூடிஎஃப்-8 யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘க்’ என்று புள்ளி வைத்தால் எழுத்துக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று, ஆக ஆறு. ஆங்கிலத்தில் ஒரு பத்திக்கு ஆகும் பைட்டில் தமிழில் இரண்டு மூன்று வாக்கியம்தான் தேறும். இந்தக் கணக்கு தெரிந்துகொண்ட ஒரு தம்பி ‘ஆகும்’ என்று முடிய வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஆகியிருக்கின்றது’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரன், வருத்தமாக இருந்தது.

மூன்றாவது வழி, மொழிபெயர்ப்பு. இதன் பக்கம் நான் கொஞ்ச நாள் சாய்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் தேறி நிற்கும் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தலைப்பு தகும், சான்று இருக்கிறது, அமைப்பு இருக்கிறது. முதல் பத்தியில் என்ன வர வேண்டும், தகவற்பெட்டி எதற்கு, எந்த வரிக்குச் சான்று வைப்பது என்பதெல்லாம் கண்ணில் படும். உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ் என்று பத்தி பத்தியாக விரித்துத் தரும். எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தது என்று தொகுப்புச் சுருக்கத்தில் தானே பதிந்துவிடும், பதிப்புரிமைத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐடிக்காரர்களுக்கு இது பிடிக்கும். பஸ்ஸில் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரத்தில் ஒரு பத்தி முடித்துவிடலாம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கருவி இயந்திர மொழிபெயர்ப்பையும் கூடவே ஊட்டுகிறது. படம் ‘நேர்மறையான விமர்சனங்களுக்குத் திறந்தது’. கோயில் ஒரு நந்தி சிலையை ‘வீடுகள்’ (ஆங்கிலத்தில் houses). பெங்களூரு பல மென்பொருள் நிறுவனங்களுக்கு ‘வீடாகும்’. திருத்தாமல் விட்டால் கருவி எச்சரிக்கை காட்டும், உண்மைதான். ஆனால் எச்சரிக்கையைத் தாண்ட நான்கு சொல்லை மாற்றினால் போதும் என்பதைப் புதியவர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்.

இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக வந்தன. படிக்கத்தான் முடியவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் நடை, தலைப்புத் தேர்வு, இல்லாத கட்டுரைகளுக்குப் போகும் சிவப்பு இணைப்புகளின் குவியல் எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். 2010-ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவத்தை எடுத்து வைத்தார்கள். காசும் கருவியும் ஆளும் இருந்தும் தரம் வரவில்லை என்பதற்கு நம் மொழியிலேயே இருக்கும் சாட்சி அது.

நடையைக்கூடப் பழக்கிவிடலாம். வாக்கியத்தை மூடிவைத்துவிட்டு “இதை உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டால் பாதி சரியாகிவிடும். என்னை மொழிபெயர்ப்புக் கட்சியிலிருந்து விலகவைத்தது வேறு. ஒரு நாள் நன்றாக மொழிபெயர்க்கும் ஒரு பெண்ணிடம் அவர் எழுதிய கட்டுரையின் மூன்றாவது சான்றைக் காட்டி, “இதுல என்ன போட்டிருக்கும்மா?” என்றேன். அவர் திறந்து பார்க்கவில்லை. திறந்தோம், பக்கம் செத்துப்போய் இருந்தது. நான்காவதைத் திறந்தோம், அதில் கட்டுரையில் இருந்த ஆண்டே இல்லை. பதினேழு சான்றுகளோடு கட்டுரை வெளியிட்டிருக்கிறார், ஒன்றையும் படித்ததில்லை. அவர் மேல் தப்பில்லை, யாரோ முன்பே பார்த்து வைத்தது என்று நம்பினார். சமைத்த சோற்றைப் பரிமாறக் கற்றுக்கொண்டிருக்கிறார், அரிசியில் கல் பொறுக்கியதில்லை. தகுமா தகாதா என்ற தீர்ப்பையும் வேறு யாரோ எழுதிவிட்டார்கள். ஆகவே மொழிபெயர்ப்பில் நூறு கட்டுரை எழுதியவரும் சொந்தமாக ஒன்று தொடங்கினால், நேற்று வந்தவர் செய்யும் தவற்றையே செய்கிறார்.

இனி என் கட்சி. புதியவருக்குப் புதுக் கட்டுரை கிடையாது. ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் முடிவில் ‘சான்று தேவை’ என்று இருக்கும். அவர் வேலை அதற்குச் சான்று கண்டுபிடிப்பது, கிடைக்காவிட்டால் கிடைத்த அளவுக்கு வாக்கியத்தைத் திருத்துவது. அவ்வளவுதான்.

எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு காலையைச் சொல்கிறேன். கோலார் தங்கவயலிலிருந்து ஓர் ஐயா வருவார். எழுபதை நெருங்குகிறார், மாரிக்குப்பம் வண்டியில் ஏறி கன்டோன்மென்டில் இறங்கி வருவார். தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தன் ஊர்க் கட்டுரையில் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம். சரி, எழுதிப் பார்ப்பதற்கென்று இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதினார்: ‘ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற பெருமைக்குரிய ஊர் கோலார் தங்கவயல் ஆகும்.’

நான் அவர் கண் முன்னாலேயே அதன் கடைசியில் ‘சான்று தேவை’ வார்ப்புருவை இட்டேன். முகம் மாறிவிட்டது.

“நான் அங்கேயே பொறந்து வளர்ந்தவன் தம்பி. எனக்கே சான்றா?”

“கோச்சுக்காதீங்க ஐயா. நான் உங்களை நம்பறேன். யாழ்ப்பாணத்துல உக்காந்து படிக்கிறவருக்கு உங்களைத் தெரியாதே.”

தேடினோம். ‘ஆசியாவிலேயே முதல்’ என்று சொல்லும் பக்கங்கள் வண்டி வண்டியாக வந்தன. வரிசையாகத் திறந்தால் ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி உட்பட. எங்கிருந்து எடுத்தது என்று எவரும் சொல்லவில்லை. “எல்லாரும் சொல்றாங்களே” என்றார். “எல்லாரும் ஒருத்தரைப் பாத்து எழுதியிருந்தா அது ஒரு ஆள்தானே ஐயா” என்றேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வேறு பக்கமாகத் தேடினோம். டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897. கல்கத்தாவில் மின்சார வழங்கல் 1899. ஜப்பானின் கியோட்டோவில் கெயாகே நீர்மின் நிலையம் 1891. ஐயா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்கே சங்கடமாக இருந்தது. காபி போட எழுந்து போனேன்.

திரும்பி வரும்போது அவர் தேடிக்கொண்டிருந்தார். சிவனசமுத்திரத்தில் காவிரியில் நீர்மின் நிலையம், மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம், 1902-ல் மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் பயணம் செய்து தங்கச் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. மின்சாரத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோனது அன்று உலக அளவிலேயே பேசப்பட்ட காரியம். அச்சில் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் கப்பன் பூங்காவுக்குப் போனார். மாநில மத்திய நூலகம் அங்கே இயங்குவது அதே சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபத்தில். திட்டம் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார் என்பதையும் ஐயாதான் வந்து எனக்குச் சொன்னார். கட்டுரையில் கடைசியாக நின்ற வாக்கியம்: ‘சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ல் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கப்பட்டது.’ பெருமையும் இல்லை, ஆகும்-மும் இல்லை.

“சின்னதாப் போச்சே தம்பி” என்று முதலில் குறைப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “பெங்களூர் தெருவுக்கு லைட்டு எப்ப வந்துச்சு?” என்று கேட்டார். 1905 என்றேன். “அப்ப உங்க ஊருக்கு மூணு வருஷம் முன்னாடியே எங்களுக்கு வந்துருச்சு” என்றார். அதையும் சான்றோடு சேர்த்தார். அந்த வரியை அவர் தட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம், கூடவே ஒரு நூலகப் பயணம். கட்டுரை எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் நான்கு தரங்களும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்து போய்விட்டன, நான் ஒன்றின் பெயரையும் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பழைய ஹாக்கிப் பயிற்சியாளரைப் பற்றிக் கட்டுரை தொடங்க நினைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தாளை மடித்துப் பையில் வைத்தார். “வெளியாளு யாரும் எழுதலையே இவரைப் பத்தி. எழுதட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” குறிப்பிடத்தக்கமை பற்றி நான் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியிருந்தாலும் இந்த வாக்கியம் வந்திருக்காது.

நடுநிலைக்கும் இதே நாற்காலிதான். மர்பி டவுன் தம்பி ஒருவன் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையைப் பற்றி எழுதினான். கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டு சாக்கு போர்த்தி மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்ட சிலை. சிறுவயதில் அந்த மூட்டையைப் பார்த்து வளர்ந்தவன், கோபம் எழுத்தில் தெரிந்தது. ‘வெறியர்கள்’ என்ற சொல் இரண்டு இடத்தில். நீக்கு என்று நான் சொல்லவில்லை. கீழ் வீட்டில் குடியிருக்கும் கன்னட நண்பரைக் கூப்பிட்டு, இவருக்குக் கட்டுரையை வாசித்துக் கன்னடத்தில் பொருள் சொல் என்று தம்பியிடம் சொன்னேன். அந்தச் சொல் வந்ததும் தம்பியே தாண்டிப் போய்விட்டான். அப்புறம் அவர் கேட்டார், சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறந்தார்களே, அது இதில் இல்லையா என்று. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13, அயனாவரம். சேர்த்தான். இந்த ஊரில் எழுதுகிற தமிழருக்கு நடுநிலை பழக இதைவிட நல்ல உரைகல் கிடையாது: எதிர்வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டக் கூச்சமாக இருக்கும் சொல்லில் ஏதோ கோளாறு. தமிழ் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் இந்த முறை ஒத்துவருகிறது. ஒரு வாக்கியம்தானே.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் கட்சிப் பிரசாரம் ஆகிவிடும். முதல் குறை, ஒரு காலையில் ஒருவர் இருவரைத்தான் கவனிக்க முடியும். மூன்று பேர் சேர்ந்தால் ஆறு. கல்லூரி ஒன்று நாற்பது மாணவர்களை அனுப்புகிறேன் என்றால் இந்த முறை கைவிரிக்கும். இரண்டாவது, அறிக்கையில் காட்ட ஒன்றும் இருக்காது. ‘ஆறு வாக்கியங்கள் திருத்தப்பட்டன’ என்று எழுதினால் யார் அரங்கு தருவார்கள்? மூன்றாவது, சொல்லித்தருகிறவர் களைத்துப்போகிறார். சென்ற மழைக்காலத்தில் இரண்டு மாதம் நான் எந்தப் பக்கமும் போகவில்லை. நான்காவது, சிலருக்குச் சலிக்கும். எழுத வந்தவரை ஏன் திருத்தச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அதில் ஒருவர் நன்றாக எழுதக்கூடியவர், இழப்புதான்.

இணையம் வழியே வழிகாட்டுவது ஐந்தாவது வழி. அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதுவது, கேள்வி கேட்பதற்கான ஒத்தாசைப் பக்கத்தில் பதில் சொல்வது, பெரிய விஷயமென்றால் எல்லோரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்துக்கு அழைப்பது. வெளியூர்க்காரருக்கு வேறு வழியில்லை, செய்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: ஆயத்த வார்ப்புருச் செய்தியைப் பேச்சுப் பக்கத்தில் ஒட்டினால் பதில் வருவது அபூர்வம். ‘இரண்டாம் பத்தியில் அந்த ஆண்டு எங்கே கிடைத்தது? எனக்கும் அந்தக் கோயிலைப் பார்த்த ஞாபகம்’ என்று கையால் எழுதினால் பெரும்பாலும் வருகிறது.

ஆக, யார் எதை எடுக்கலாம்? நீங்கள் ஆசிரியராக இருந்து, நாற்பது பேர் உங்கள் வகுப்பில் பருவம் முழுக்க உட்காரப் போகிறார்கள் என்றால் பயிலரங்கு நடத்துங்கள். ஆனால் கணக்குகளை முந்தின வாரமே திறந்துவிட்டு, அன்று கட்டுரை எழுதச் சொல்லாமல் ஆளுக்கொரு ‘சான்று தேவை’ கொடுங்கள். உங்களிடம் வருகிறவர் ஆங்கிலமும் தமிழும் நன்கு தெரிந்தவர், நேரம் மட்டும் துண்டு துண்டாக உள்ளவர் என்றால் மொழிபெயர்ப்பு சரி, ஆனால் சான்றுகளைத் திறந்து படித்தபின் வெளியிடுவது என்ற கட்டாயத்தோடு. கட்டுரை ஐந்து சான்றுக்கு மேல் இல்லாத சின்னதாக இருந்தால் அது நடக்கும். போட்டி, வந்து ஓராண்டு ஆனவர்களுக்கு. எங்களைப் போல மாடியும் மூன்று நாற்காலியும் மட்டும் உள்ளவர்களுக்கு, பக்கத்து நாற்காலியைவிட்டால் வேறு எதுவும் காசுக்கோ நேரத்துக்கோ தகாது என்பது என் முடிவு.

பயிலரங்குக் கட்சிக்காரர் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒன்றாவது நடத்தலாம், கதவு திறந்திருப்பது தெரிய வேண்டாமா என்கிறார். அதற்குச் சரி என்றுவிட்டேன். ஜனவரியில் ஒன்று, கணக்குத் திறக்கும் பொறுப்பு அவருடையது. மொழிபெயர்ப்புக் கட்சிக்காரர் அந்தப் பதினேழு சான்றுக் கட்டுரையை அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒன்பது.

போன ஞாயிறு ஐயா தனியாக வரவில்லை. மாரிக்குப்பம் வண்டியில் கூட வரும் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். உலகத்திலேயே ஆழமான சுரங்கம் எங்களுடையதுதான் என்று எழுத வேண்டுமாம் அவருக்கு. நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் ஐயா கையமர்த்தினார்.

“நீங்க இருங்க தம்பி. வண்டியிலேயே கேட்டுட்டேன், எந்த வருஷத்துல, யாரு சொன்னதுன்னு. முழிக்கிறாரு. வர்ற வாரம் கப்பன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்.”